திருத்தம் 1

தளம் இரண்டு கட்டங்களை நீட்டுகிறது:
சீசன் எண். அத்தியாய எண்.
என்னிடம் இருப்பவை நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்,
'புதியது', 'புதியது இறுதி', 'இறுதி இதுதான்',
'தஸ்நேவிஸ் இருமல் நீக்கியது'
என்ற பெயர்களில்.

சிரிக்கலாம்.
பகலில் என் உத்தியோகம் ஆவணக் கட்டுப்பாடு.
சுத்திகரிப்பு ஆலையின் ஒவ்வொரு குழாய்க்கும்
வரைபட எண், திருத்த எண், தேதி, கையொப்பம்.
ஒரு வால்வு அரையடி நகர்ந்தால்
பதினோரு பேருக்குக் கடிதம் போகும்.
இரவில் என் சொந்தக் குரலுக்கு
ஒரு எண் கிடையாது.

ஆறு பருவம் என்று படித்தவன்தான் நானும்.
கார், கூதிர், பனியில் இரண்டு, வேனிலில் இரண்டு.
மஹ்பூலாவில் முதுவேனில்
ஏப்ரலில் வந்து உட்கார்ந்து
அக்டோபர் வரை வாடகை தராமல் தங்கும்.
அதை வைத்து எதைப் பிரிப்பது?

காதால் பிரித்தேன்.
ஜன்னல் ஏசி பின்னால் உறுமினால் கோடை.
அதை அணைத்துவிட்டுப் பேசியிருந்தால்
இருபதாம் நிமிடத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கும்.
போர்வைக்குள்ளிருந்து வரும் குரல் ஜனவரி.
மேல்மாடி எகிப்தியரின் சலவை இயந்திரம் சுற்றினால்
வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு முன்.
'ப' என்ற எழுத்து வெடித்தால்
முப்பது தினாருக்கு மைக் வாங்காத காலம்.

எழுபத்தொன்றில் அவன் ஜுபைல் போனான்.
அதன்பின் அரை விநாடி தாமதமாக வருவான்,
நான் சிரித்து முடித்தபின் சிரிப்பான்.
வெட்டவேண்டிய இடம் அதுதான், சந்தேகமில்லை.
ஒன்று முதல் எழுபது, முதல் சீசன்.
மீதி இரண்டாவது.
பட்டியலை மூடிவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

சரிபார்க்க மட்டும் நடுவே சிலதைக் கேட்டேன்.

நாற்பதில், நாற்பத்தைந்தில், ஐம்பத்திரண்டில்
"கோதண்டம், கேளுல" என்று அவன் தொடங்கவேயில்லை.
கேட்டதற்குப் பதில் சொல்கிறான்.
இறால் எப்படி உரிப்பது, யார் ஓப்பனிங் இறங்கலாம்,
ஃபஹாஹீல் பஸ் ஏன் நிற்காமல் போகிறது.
நேர்முகத் தேர்வுக்கு வந்தவன்போல
முழு வாக்கியங்களில்.

பின்னோக்கி நடந்தேன்.
நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு.
முப்பத்தேழில் அவன் இருந்தான்.

வெளியானது முப்பத்தொரு நிமிடம்.
பழைய ஹார்ட் டிஸ்கில் அசல், முப்பத்தெட்டு.
அந்த ஏழு நிமிடத்தில்
நாலு மாதச் சம்பளப் பாக்கி இருக்கிறது,
மேனேஜரின் மேசை இழுப்பறையில் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது,
ஃபோர்மேனின் பெயர், கம்பெனியின் பெயர்.
ஏசி அணைந்திருக்கிறது.
இருமல்கூட இல்லை.

அந்தக் கம்பெனியின் முத்திரை
என் சம்பளச் சீட்டிலும் இருந்தது.
என்னை யாரும் மிரட்டவில்லை.
கோப்புக்கு நானே வைத்த பெயர்
'சத்தம் நீக்கியது'.

அவன் அதைப் பற்றிக் கேட்டதில்லை.
அடுத்த வெள்ளியும் வந்தான்,
பொட்டலத்தில் நாலு கட்லட்டோடு.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
"இன்னிக்கு என்ன தலைப்பு?" என்றான்.

கோட்டை அழித்து முப்பத்தேழின் கீழ் போட்டேன்.
முதல் சீசன் முப்பத்தேழு அத்தியாயம்.
இரண்டாவது எழுபத்தைந்து.
சீசன் தலைப்பு என்ற இடத்தைக் காலியாக விட்டு
எக்செல் தாளை ஜுபைலுக்கு அனுப்பினேன்.
'பார்த்துச் சொல்லு.'

இரண்டு நாள் நீல டிக் மட்டும்.
மூன்றாம் நாள் ஒரு வரி:
'37க்கு 31 நிமிஷம்னு போட்டிருக்க. 38 இல்லையா?'

மணி ஒன்றரை.
ஏசியை அணைத்திருக்கிறேன், ஏனென்று தெரியாமல்.
தாளின் தலையில்
திருத்தம் 0 என்பதைத் திருத்தம் 1 ஆக்கினேன்.
பக்கத்தில் எங்கள் அலுவலகப் படிவத்தின் கட்டாயக் கட்டம்,
காலியாக விட்டால் சேமிக்காது:
மாற்றத்துக்கான காரணம்.

தட்டச்சுப் பிழை என்று அடித்தேன்.
அழித்தேன்.