படிவம் ஒன்பது: இதரத் துணிகள்

திராவா ஆறு ஊருக்குள் வந்துபோன பதினோராம் நாள்
எங்கள் மரிபோர் கிளைக்கு வந்தது அந்த உறை.
அனுப்பியவர்: ஸ்தெங்கா ரோஷ்கர்,
ஆற்றங்கரைத் தெரு, தரைத்தளம்.

இழந்த பொருளுக்கு ரசீது கேட்போம்.
ரசீது இல்லையென்றால் புகைப்படம்.
பதினாறு வருடமாய் இதுதான் என் பிழைப்பு,
போனதற்கு விலை போடுவது.
அவர் அனுப்பியிருந்தவை
பத்தொன்பது பென்சில் படங்கள்.

கைப்பிடித் துணியை யார் புகைப்படம் எடுத்துவைப்பார்கள்
என்று ஓரத்தில் ஒரு கேள்வி,
பொடி எழுத்தில்.

முதலாவது, பாத்திரம் துடைக்கும் துண்டு.
அடுப்புக் கம்பியில் தொங்குகிறது,
ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை,
வாசல் மணி கேட்டு யாரோ
பாதியில் விட்டுப் போனமாதிரி.
கட்டம் போட்ட துணி.
மடிப்பில் கட்டங்கள் சாய்ந்து, நெளிந்து,
மறுபடி நேராகும் இடத்தில்
பென்சிலைச் சற்றே அழுத்தியிருந்தார்.
அந்த அழுத்தத்தில் ஈரம் இருந்தது.
சத்தியமாய், காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

மூன்றாவது, தலையணை உறை.
ஐந்து பொத்தானில் ஒன்று மட்டும் பெரிது,
ஏதோ கோட்டிலிருந்து வந்திருக்கும்.
ஆறாவது, அடுப்புக் கையுறை:
கட்டைவிரலில் கருகல்.
அதைச் சுற்றி நிழலே போடவில்லை,
வெள்ளையாய் விட்டிருந்தார்,
சூடு இன்னும் இறங்காததுபோல.

ஏழாவது, தரைத்துணி.
பிழிந்து வாளி விளிம்பில் போட்டது.
முறுக்கு முழுதாய் அவிழவில்லை.
இதன் முன்னால்தான் என் சூப் ஆறிப்போனது.
பக்கத்து மேசை வோய்கோ எட்டிப் பார்த்து
"என்னப்பா, பழந்துணி" என்றான்.
"பழந்துணிதான்" என்றேன்.

படிவத்தில் இருப்பது ஒரே ஒரு கட்டம்:
இதரத் துணிகள், எண்ணிக்கை, மதிப்பு.
கிழிசலுக்குக் கழிவு உண்டு.
ஒட்டுப்போட்டிருந்தால் கழிவு,
கறைக்கு இன்னும் கொஞ்சம்.
கழித்துக்கொண்டே வந்தால்
அந்த அம்மாள் எதையெல்லாம் உற்றுப் பார்த்தாரோ
அதெல்லாம்தான் போகிறது.

நான் செய்தது தப்புதான்.
பத்தொன்பதுக்கும் "நல்ல நிலை" என்று எழுதினேன்.
நாற்பத்தொரு யூரோ கூடுதல்.
மேலே யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம்,
குண்டூசியில் குத்திய ஐந்து யூரோ நோட்டுடன்.

"ஏழாம் படத்தைக் கழித்துவிடுங்கள்.
அது வெள்ளத்தோடு போகவில்லை.
அதை வைத்துத்தான் சேற்றைத் துடைத்தேன்.
மற்றவற்றை மனதிலிருந்து வரைந்துகொண்டிருந்தபோது
அது எதிரே காய்ந்துகொண்டிருந்தது.
பார்த்துவிட்டேன். அப்புறம் வரையாமல் இருக்க முடியவில்லை.
வரைந்தபின் எடுத்துவைக்கவும் மனசில்லை.
மன்னிக்கவும்."

ஐந்து யூரோவை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?
வோய்கோவைக் கேட்டேன், தோளைக் குலுக்கினான்.
இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது,
குண்டூசியோடு.

கோப்பை மூடுமுன்
ஏழாம் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன்.
துணியின் தாழ்ந்த முனையில்
ஒரு சொட்டு,
இன்னும் விழாமல்.
இத்தனை நாள் அதைக்
காகிதத்தின் குறை என்று நினைத்திருந்தேன்.