இரண்டு தரம்

வதனரூபி சொல்கிறாள்,
தன்ர டொச் காணாதாம்.

பதினொரு வருடமாய்
சிறுநீரகப் பிரிவின் பொறுப்புத் தாதி.
பன்னிரண்டு இயந்திரம்.
நடுச்சாமத்தில் தொலைபேசி எடுத்து
டாக்டரின் கணக்கையே திருத்துகிற டொச்
நகரசபைக்கு மட்டும் காணாது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணி ஆறட்டுமென்று
அவளுடைய குசினி யன்னலால்
புர்க்டோர்ஃப் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன முறை நின்றவள் நான்.
நாற்பத்தொரு வாக்கால் தோற்றேன்.
இந்த ஊர் வாக்குச்சீட்டில்
பிடிக்காத பெயரைக் கோடிழுத்து வெட்டலாம்.
எத்தனை பேர் வெட்டினார்கள் என்று
ஒருவரும் வந்து சொல்லப்போவதில்லை.
ஒரு மாதம், மிக்ரோவில் காசு கட்டும் வரிசையில்
முன்னால் நிற்பவரின் கையையே பார்ப்பேன்:
இந்தக் கையா?

அதே சீட்டில்
ஒரு பெயரை இரண்டு தரம் எழுதவும் இடமுண்டு.
அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
என்ன உடுப்பதென்று சொன்னார்கள்.
படத்துக்கு எவ்வளவு சிரிப்பதென்று சொன்னார்கள்.

அதனால்தான் வந்திருக்கிறேன்,
தோற்றவளிடம் மிஞ்சிய சாமான்களோடு:
எந்த வீட்டில் கதவு திறக்கும், எங்கே நாய்,
இரண்டு நிமிடப் பேச்சில் எந்த இடத்தில் மூச்சு,
"எங்கிருந்து வருகிறீர்கள்" என்று கேட்டால்
"பான்ஹோஃப் வீதியிலிருந்து" என்றுவிட்டு
அடுத்த வசனத்துக்குப் போவது.

"சபை ஏறப் பயம்" என்கிறாள்.
எங்கட சபையை நினைத்துச் சொல்கிறாள்.
மண்டபம் பிடித்தது அவள்,
ஒலிவாங்கிக்கு அலைந்தது அவள்,
தமிழ்ப் பாடசாலைக் கணக்கில்
வழிதவறின எண்ணூறு பிராங்கைப்
பிடித்துவந்து இருத்தினதும் அவள்.
மேடைக்குக் கூப்பிடுவதோ கடைசியில்,
கதிரைகள் இழுபடுகிற சத்தத்துக்குள்,
நன்றியுரைக்கு.
பதினாறு வருட நன்றியுரை.
அவளுக்கு யாரும் நன்றி சொன்னதாய்க்
கூட்டக் குறிப்பில் ஒரு வரி இல்லை.

விண்ணப்பத்துக்குப் பத்துக் கையெழுத்து.
முதலாவது ரூத் ஏபர்சோல்ட்,
செவ்வாய், வியாழன், சனி
நாலாம் இயந்திரத்தில் படுப்பவர்.
"எழுபத்தொன்றில்தான் என் அம்மா
முதல் வாக்குப் போட்டாள்.
அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு.
கலியாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தாள்"
என்றார். வலக்கையில் ஊசி.
இடக்கையால் போட்ட கையெழுத்து
நண்டு ஊர்ந்த மணல்.
நகரசபை ஏற்றுக்கொண்டது.

வதனரூபியைக் கேட்டேன்:
உள்ளே போனால் முதலில் என்ன கேட்பாய்?
யோசிக்கவே இல்லை.
"இரவு ஒன்பதரைக்குப் பிறகு
ஆஸ்பத்திரிக்கு பஸ் இல்லை.
கடைசி ஆளுக்கு நாங்கள் குழாய் கழற்றவே
ஒன்பது ஐம்பது ஆகிவிடும்.
பிரஷர் விழுந்த உடம்போடு
மழைக்குள் நடக்கிறதுகள்.
இருபத்தைந்து நிமிடம் தள்ளிவிட்டால் சரி.
அதே வண்டி, அதே சாரதி,
செலவு எவ்வளவென்றும் பார்த்து வைச்சிருக்கிறன்."
லாச்சியை இழுத்து எடுத்துக் காட்டினாள்.
நாலு பக்கம். எல்லாம் டொச்சில்.

தபால் உறை வந்த கிழமை
மேசையில் வெற்றுச் சீட்டை விரித்தோம்.
"எனக்கு நானே போடுறதே?
சனம் என்ன சொல்லும்?"
சனத்துக்குத் தெரியாது, திரை உண்டு என்றேன்.
எழுதினாள். வதனரூபி கனகசூரியம்.
கோட்டுக்குள் அடங்காத பெயர்.
கடைசி எழுத்து ஓரத்தில் தொங்கியது.

இன்னொரு தரம் எழுது.

"ஒரு தரம் காணுந்தானே?"

காணாது என்றேன்.

பேனையை உதறிவிட்டு
அடுத்த வரிக்கு வந்தாள்.