காற்று எட்டு

டிக்கெட் சாளரத்தின் கண்ணாடியில்
சிவப்பு மையால் ஓர் எட்டு போட்டுவிட்டு
ஆரஞ்சு உரிக்கத் தொடங்கினாள் பொலிக்ஸேனி.
எட்டு என்றால் காற்று.
எட்டு என்றால் கப்பல் இல்லை.
லாவ்ரியோ துறைமுகத்தில் அதற்கு மேல்
யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நான் கேட்டேன்.
கேயா தீவில், மலைப்பாதையில், ஒரு கல்சிங்கம்
இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாய்ச் சிரிக்கிறதாம்,
அதைப் பார்க்கத்தான் வந்தேன்,
அதோ, தீவு கண்ணுக்கே தெரிகிறதே என்றேன்.
"அது கேயா இல்லை. மக்ரோனிசி. பழைய சிறை.
அங்கே யாரும் டிக்கெட் வாங்கிப் போனதில்லை."
பிறகு, கொஞ்சம் இரங்கி,
"உன் சிங்கம் எங்கேயும் ஓடிவிடாது"
என்று ஒரு சுளை நீட்டினாள்.

எனக்கு முன்னால் நின்ற லாரி
கீச்கீச் என்றது.
ஸ்த்ராத்திஸ் பின்கதவைத் திறந்து காட்டினான்:
அட்டைப் பெட்டிகளில்
நேற்றுப் பொரித்த நானூறு குஞ்சுகள்.

வாடை என்று பாடத்தில் படித்த சொல்லுக்கு
இத்தனை பல் இருப்பது
அன்றுவரை எனக்குத் தெரியாது.

"என் கடைக்குள் கோழியா!" என்று
திட்டிக்கொண்டே மேசைகளை ஒதுக்கினாள் ஆர்ஜிரோ.
திட்டிக்கொண்டே அடுப்பைப் பெட்டிகள் பக்கம் திருப்பினாள்.
விடுமுறைக்குப் போகும் கடற்படைப் பையன்
தொப்பியில் மூன்றை வைத்துக்கொண்டான்.
பாதிரியார் கறுப்பு அங்கியின் மடியில்
ஏழு குஞ்சுகளைக் கட்டிக்கொண்டு
ஓய்வூதியக் குறைப்பைப் பற்றிக் கத்தினார்.
ஏழும் தூங்கின.

எனக்கு இரண்டு மணி முதல் நான்கு வரை காவல்.
மொழி தெரியாத ஊரில்
முதன்முதலாக எனக்கொரு வேலை.

விடிவதற்குள் நான்கு போய்விட்டன.
ஸ்த்ராத்திஸ் அவற்றை சிகரெட் பெட்டியில் இட்டு
கடலோரம் போனான், திரும்பி வந்தான்,
பெட்டி கையிலேயே இருந்தது.
இந்தக் காற்றுக்கு எதிரே
எதையும் எறிய முடியாது என்றான்.

எட்டை அழித்து ஒன்பது போட்டாள் பொலிக்ஸேனி.
கண்ணாடியில் போன வாரத்து ஏழும்
அதற்கு முந்தைய ஆறும்
மங்கலாய் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

மூன்றாம் நாள் ஐந்து.
கப்பல் வாயைத் திறந்தது.
என் விமானம் அன்று மதியம்.

"சிங்கமா? வாரம் இருமுறை அந்த ஊருக்குப் போகிறேன்,
ஒருநாளும் பார்த்ததில்லை" என்றான் ஸ்த்ராத்திஸ்
லாரியைக் கிளப்பியபடி.
"லாரி போகாதாம், நடக்கணுமாம்.
சரி, உனக்காக இந்த முறை நடக்கிறேன்."

ஜூலையில் ஒரு படம் வந்தது.
கல்சுவர். வெயில்.
சுவரெங்கும் கொழுத்த பழுப்புக் கோழிகள்,
ஓரத்தில் அவன் கட்டைவிரல்.
கீழே ஒரு வரி:
சிங்கம் நலம்.