ஏழாம் குழி

தொண்ணூற்று நான்கு, மே மாதம், சிலேத்தார் திடல்.
ஏழாம் குழியின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார்
நெற்றியில் சிவப்பு ரிப்பன் கட்டி
மாப்பிள்ளை மாதிரி நின்றது.
ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டால் பரிசு.
காலையிலிருந்து எழுபது பேர்
அதைப் பார்த்துப் பார்த்தே மணலில் அடித்தார்கள்.

தவமலர் காரைப் பார்க்கவில்லை.
ஜொகூர்ப் பக்கமிருந்து காற்று எதிரே வந்தது.
ஆறாம் இரும்பைப் பைக்குள் திருப்பி வைத்து
ஐந்தாம் இரும்பை எடுத்தாள்.
பந்து இரண்டு முறை துள்ளியது.
பிறகு இல்லை.

நான் அவள் கணவன்.
பை சுமப்பவன், குடை பிடிப்பவன்.
அந்த மூன்று நொடியில்
காரை மனத்துக்குள் பூன் லே வரை ஓட்டிப்போய்
என் அண்ணன் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்துவிட்டு
திரும்பியும் வந்துவிட்டேன்.
சி.ஓ.இ. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும்
கெட்ட வார்த்தையாக இருந்த வருஷம் அது.

சாவியை நீட்டினார் கார்க் கம்பெனிக்காரர்.
"இதை வாங்கினால் நான் அமெச்சூர் இல்லைதானே?"
செயலாளர் சியா விதிப்புத்தகத்தைத் திறக்கவில்லை.
இழவு வீட்டில் ஆட்டுவதுபோல் தலையை ஆட்டினார்.
"அப்ப, குடிக்கத் தண்ணி மட்டும் கொடுங்க."

மூன்று முறை தேசியப் பட்டம்.
மணிலாவில் கடைசி இடம், அதையும் மறைக்க மாட்டாள்.
பரிசுகளில் ரைஸ் குக்கர் நான்கு,
இஸ்திரிப் பெட்டி ஆறு.
என் தங்கைகள் கல்யாணத்துக்கெல்லாம்
அவள் தோளில் விளைந்த இஸ்திரிப் பெட்டிதான் சீர்.

மற்ற நாளில் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே.
அந்நியரின் இடுப்பைத் தொட்டுத் திருப்பி
"மூச்சை அடக்குங்க... இப்ப விடுங்க."
அடிக்கு முன் அதையே தனக்கும் சொல்லிக்கொள்வாள்.
உதடு அசைவது எனக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்குப் பேருந்தில் வீட்டுக்கு வந்தோம்.
நீண்ட பையைப் பார்த்து ஓட்டுநர் கேட்டார்,
மீன் பிடிக்கப் போனீங்களா?
"பிடிச்சேன்" என்றாள், "விட்டுட்டேன்."
வண்டி முழுக்கச் சிரித்தது.
அங் மோ கியோ வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.
வீட்டிலும் இரண்டு நாள்.

போன வாரம் அவளுடைய இடுப்புக்கே படம் எடுத்தார்கள்.
வயது எழுபத்தொன்று.
உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல்,
அவசரமாக, "மூச்சை அடக்குங்க."
விடச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்து பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.
என்னவோ, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கேட்காததை
அங்கே, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.
அந்தக் காரை நீ பார்க்கவே இல்லையா?

"பார்த்தேனே.
பக்கத்துக் கதவு திறந்திருந்தது.
உங்க சீட்டுமேல பிளாஸ்டிக் உறையைக்கூட
இன்னும் கிழிக்கல."