மரத்துக்குப் பதில் சொல்கிறவள்

துரை தோட்டத்தில் காப்பிக் கன்றுக்குக் குழி வெட்டிய நாளில்
கூலியோடு ஒரு குச்சியும் கொண்டு வந்தான் சடையன்,
ஈரச் சாக்கில் சுற்றி, வேட்டி மடிப்புக்குள்.
கேட்டுத்தான் வாங்கினேன் என்றான்.
யாரும் நம்பவில்லை.

நான் அந்த வீட்டுக்கு வந்து எட்டு நாள்தான்.
எனக்கு முன்னே பன்னிரண்டு வருஷமாய்
அங்கே இருந்தவள் கரியாள்.
குழியை அவள் தோண்டினாள்.
எருவை நான் சுமந்தேன்.
பேசிக்கொள்ளவில்லை.
மண்ணை மிதிக்கும்போது கால்மேல் கால் பட்டது,
ஒரு தரம்.

வீட்டுக்குப் பின்னால் அந்தத் துண்டு நிலம்
அவள் பிரித்து வைத்தபடி இருந்தது:
கிழக்கே மிளகாய், பாறையை ஒட்டிப் பீர்க்கு,
தண்ணீர் வழியும் இடத்தில் சேம்பு.
காட்டுப்பன்றிக்கு முள்வேலி.
முள்ளம்பன்றிக்கு எந்த வேலியும் இல்லை.
எனக்கு அவள் விட்டுக்கொடுத்தது
ஒரு வரிசைக் கொத்தவரை.
அதிலும் களை எடுத்துவிட்டுப் போயிருப்பாள்
நான் எழுவதற்குள்.

கூத்தன் பிறந்தான். அடுத்ததும் பிறந்தது.
தொப்புள்கொடியைச் சேம்படியில் புதைத்தவள் அவள்.
கூத்தன் முதலில் அம்மா என்றது அவளைத்தான்.
நான் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.
அடிப்பிடித்தது.

பேரி கூரையைத் தாண்டி வளர்ந்தது.
மாசியில் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும்,
மலைக்கு வந்த பனி
இறங்க மறந்து அதிலேயே தங்கிவிட்டது போல.
பங்குனியில் உதிரும்.
காய் என்று ஒன்று இல்லை.
இரண்டு வருஷம், நான்கு வருஷம், ஏழு வருஷம்.
செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு இறங்குகிறவர்கள்
வேலியோரம் நின்று கேட்பார்கள்:
என்ன சடையா, உன் துரை மரம் பூவோடு சரியா?
கரியாள் குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போய்விடுவாள்,
குடம் நிறைந்திருந்தாலும்.

துரை தோட்டத்துக் கிளைகள் பழத்தில் சாய்ந்திருந்த ஓர் ஆடியில்
ஊர்க்கவுண்டர் வழி சொன்னார்.
கொடுவாளை எடு. மரத்தை மிரட்டு.
காய்க்கிறாயா, வெட்டட்டுமா என்று மூன்று தரம் கேள்.
மரத்துக்குப் பின்னால் ஒருத்தி நிற்கட்டும்.
காய்க்கிறேன், விட்டுவிடு என்று
அதற்காக அவள் சொல்லட்டும்.

எவள் என்று அவர் சொல்லவில்லை.
எல்லோரும் கரியாளைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன். அதை மறைத்து என்ன?

விடியலில் எதிரே நிற்கிறவன் முகம் தெரியாத பனி.
அவள் மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.
காய்க்கிறாயா, வெட்டட்டுமா?
பதில் இல்லை.
காய்க்கிறாயா, வெட்டட்டுமா?
காட்டுக்கோழி ஒன்று எங்கோ கூவியது.
சடையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்,
நான் எடுத்துக்கொடுக்க வேண்டியவள் போல.
மூன்றாம் தரம் கேட்டபோது
அவன் குரல் பாதியாகிவிட்டிருந்தது.

காய்க்க மாட்டேன், என்றாள் கரியாள்.
வெட்டு.

கோபமாய் இல்லை.
உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே,
அந்தக் குரல்.

ஓங்கிய கொடுவாள் ஓங்கியபடி நின்றது.
இறக்குவதற்கு அவனுக்கு ஒரு காரணம் வேண்டும்.
யாரும் கொடுக்கவில்லை.
கூத்தன்தான் ஓடி அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு
அம்மா கை அங்கே இருக்கு,
அம்மா கை அங்கே இருக்கு என்று கத்தினான்.
அப்புறம்தான் கண்டோம்:
அடிமரத்தில், சரியாக வெட்டு விழும் உயரத்தில்,
விரித்து வைத்த ஐந்து விரல்.

அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை.
பொழுது சாய ஒரு பிடி அவரை விதை எடுத்துப் போய்
மரத்தைச் சுற்றி ஊன்றினேன்.
அவளைக் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
இரண்டு விரல் ஆழம் போதும், என்றாள்,
நீ கிணறு வெட்டுகிறாய்.

எட்டு வருஷத்தில்
கேலி என்று அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அவரை பேரியின் தோள்வரை ஏறியது.
மார்கழி முழுக்கச் சட்டி சட்டியாய்ப் பறித்தோம்.
வேலியோரம் யாராவது கேட்டால்
காய்த்துக்கொண்டுதானே இருக்கிறது என்பான் சடையன்,
நக அழுக்கைப் பார்த்தபடி.

மாசியில் ஒரே கிளையில்
பேரியின் வெள்ளைப் பூவும் அவரையின் ஊதாப் பூவும் இருந்தன.
கரியாள் தலையில் பூ வைத்து நான் கண்டதில்லை.
அன்றும் வைக்கவில்லை.
உதிர்ந்ததைக் கூட்டி
என் கொத்தவரைக்கு எருவாய்ப் போட்டாள்.