கிழக்கே உருளும் எலுமிச்சை

இரண்டு வருடம் நுங்கம்பாக்கத்து ஷோரூமில்
இந்த மேசைக்காக நான்தான் பேசினேன்.
"கீழே பாருங்கள் மேடம், நான்கு கால் கிடையாது,
ஒரே அடி, முறுக்கிக்கொண்டு எழுகிறது.
பார்ப்பதற்குத்தான் கோணல். பலகை ரசமட்டம்."
ரசமட்டம் யாருக்குப் புரியும்,
லெவல் என்று சொல் என்றார் மேனேஜர்.

ஓரத்தில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்த அன்று
காட்சியிலிருந்து இறக்கினார்கள்.
ஸ்டாஃப் விலை.
சம்பளத்தில் பதினோரு மாதப் பிடித்தம்.
நாற்காலிகள் சேர்த்தி இல்லை.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு,
சி பிளாக், மூன்றாவது மாடி.
படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்ப மறுத்தது.
டெல்லிபாபுவுக்கு ஹார்பரில் கன்டெய்னர் கட்டும் வேலை.
பால்கனிக் கம்பியைக் கழற்றிவிட்டுக்
கயிறு போட்டு வெளிப்பக்கமாக இழுத்தார்.
அந்தரத்தில் மெல்லச் சுற்றியது அடிப்பாகம்.
"போட்டு ப்ரொப்பெல்லர்டா" என்றான் ஐஸ் வண்டி தேசிங்கு.
"இன்னா ப்ரொப்பெல்லரு, பிழிஞ்சு போட்ட பொடவ" என்றது
இரண்டாவது மாடி.
இறால் கம்பெனி ஜெயசீலி மட்டும்
ஒன்றும் சொல்லாமல் அண்ணாந்தே நின்றாள்.

ஹாலில் அதை வைத்தபின் ஹால் இல்லை.
டிவி கதவுக்குப் பின்னால் போனது.
மீன் கிரேட்டுகளைக் கவிழ்த்து உட்கார்ந்தோம்.
வவ்வால் வறுவலுக்கென்று வைத்த எலுமிச்சை
யாரும் தொடாமல் கிளம்பியது,
அவசரமில்லாமல்,
வழி விசாரித்து வைத்திருந்த மாதிரி.
கிழக்கு ஓரம்வரை போய் விழுந்தது.
எடுத்து வைத்தேன்.
மறுபடியும் போனது.

அட்டையை மடித்துக்கொண்டு குனிந்த டெல்லிபாபு
குனிந்தபடியே சுவரைப் பார்த்தார்.
கீழ்வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்தார்.
ஜன்னல் அடிக்கட்டை, கதவு நிலைப்படி, மொட்டைமாடிக் கைப்பிடி,
எங்கே வைத்தாலும்
குமிழி மேற்கே ஒதுங்கியது.
"அட்டை வேணாம்" என்றார். "இப்டியே இருக்கட்டும்."

பொரிந்த சிமெண்ட் தரையில்
எலுமிச்சை ஏதாவதொரு குழியில் நின்றுவிடும்.
நாங்களும் தரையோடு சேர்ந்து சாய்ந்து
தட்டையும் சாய்த்துச் சாப்பிட்டிருக்கிறோம்,
குழம்பு ஒருபக்கம் ஓடுவதைக்
குழம்பின் குணம் என்று நினைத்து.

பிளாக்கே வந்து பார்த்தது.
கோலி வந்தது, முட்டை வந்தது.
ஜெயசீலி தன் வீட்டு எலுமிச்சையோடு வந்தாள்,
எங்களுடையதில் அவளுக்குச் சந்தேகம்.
அதுவும் கிழக்கே போனது.

மூன்று மனுவுக்குப் பிறகு,
இன்னும் ஏழு மாதப் பிடித்தம் மிச்சமிருக்கையில்,
போர்டு இன்ஜினியர் வந்தார், கையில் ஹெல்மெட்டோடு.
எலுமிச்சையைப் பார்த்தார். மேசையடியைப் பார்த்தார். சிரித்தார்.
"கால இப்டி முறுக்கி வெச்சா
பலகை எப்டிம்மா நேரா நிக்கும்?
கட்டடம் நல்லாதான் இருக்கு. கோணல் உங்க மேசையில."

படிக்கட்டு முழுக்க நின்றவர்கள்
என் முகத்தைப் பார்த்தார்கள்.
நைட்டியும் தோளில் துண்டுமாக நின்ற எனக்கு
ஷோரூம் குரல் எங்கிருந்தோ வந்தது.
"கீழே பாருங்கள் சார், நான்கு கால் கிடையாது.
ஒரே அடி.
பார்ப்பதற்குத்தான் கோணல்.
பலகை ரசமட்டம்."

கண்ணாடி கிளாஸில் டீ வைத்தேன்.
ஒரு பக்கம் விளிம்பை நெருங்கி,
மறுபக்கம் ஒரு விரல் இறங்கி நின்றது டீ.
அவர் குடிக்கவில்லை.
ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு ஃபைலை விரித்தார்.

முதல் வரி முடியுமுன்
பேனா மூடி நகரத் தொடங்கியது.
கிழக்கு ஓரத்தில் என் மகன் சஞ்சீவி
கையை ஏந்திக்கொண்டு
முன்னாடியே நின்றிருந்தான்.