தரிசு

அனுப்புநர், சாமியாத்தாள், சேரன்வலசு, முத்தூர் வழி.
பெறுநர் யாரென்றுதான் தெரியவில்லை.
கோபுரம் நட்ட கம்பெனிக்காரர் தாசில்தாரைக் காட்டுகிறார்,
தாசில்தார் அடங்கலைக் காட்டுகிறார்,
அடங்கலில் என் காட்டுக்கு நேராக
ஒரே சொல்: தரிசு.

மூன்று வெள்வேல மரத்துக்குப் பணம் வந்தது.
பிடுங்கிய கிளுவை வேலிக்கு முழம் போட்டு அளந்தார்கள்,
அதற்கும் வந்தது.
புல்லுக்குக் கேட்டேன்.
"பயிர் என்ன போட்டிருந்தீங்க?"
"கொழுக்கட்டைப் புல்லுங்க."
"அது தானா மொளைக்கிறதுதானம்மா."

தானாவா?

எட்டு வருசத்துக்கு ஒரு உழவு.
அந்த ஒரு வருசம் சோளம், ஊடே கொள்ளு.
அறுத்த பின் படலைச் சாத்தினால்
அடுத்த மழை வரைக்கும் ஆடுகூட உள்ளே போகாது.
வழுக்கை விழுந்த இடத்துக்கு
செம்மண்ணும் சாணியும் பிசைந்து
விதையை உருட்டி, காயவைத்து,
மேலாக்கப் போடுகிறேன்.
ஆழம் போனால் அதற்கு மூச்சு முட்டும்.
பறித்த கையோடு விதைத்தாலும் வராது;
ஆறேழு மாசம் சாக்கில் கிடந்து
அதுவாக மனசு வைக்க வேண்டும்.

ஒரு சாக்கு நிறைய அமுக்கி அமுக்கி அடைத்தாலும்
தராசில் இரண்டு கிலோ நிற்காது.
கதிரை உருவ உருவ
விரல் இடுக்கில் சுணை ஏறி
ராத்திரி சோறு பிசையும்போது எரியும்.
இதைக் கூலிக் கணக்கில் எழுத
அந்தத் தாளில் இடமிருக்குமா?

ஆடி மேகாத்தில் வந்து பார்த்தீர்களாமே.
வெளுத்துக் கிடந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.
தீக்குச்சி கிழித்தால் போதும் என்கிற வெளுப்பு.
ஐப்பசியில் வந்திருக்க வேண்டும்.
இரண்டு மழைக்குப் பிறகு,
விடியக்காலம், இட்டேரியில் நின்று பார்த்தால்
தண்டு பச்சை இல்லை,
ஒரு மாதிரி நீலம்,
நாவல்பழம் தின்ற பிள்ளை உதடாட்டம்.
கதிர் மட்டும் நரி வால்.

பிடுங்கிப் பாருங்கள், வராது.
அடியில் முடிச்சு, முடிச்சில் மாவு,
அதுக்கும் கீழே வேர்.
கோபுரத்துக்குக் குழி வெட்டிய பொக்லைன் பையன்
ஆளுயரக் குழியில் நின்றுகொண்டு
"அக்கா, இங்கயும் வேருங்க்கா" என்றான்.
அவன் சாட்சி. போன் நம்பர் என்னிடம் இல்லை.

இரண்டு மயிலை மாடு, ஒரு செவலைக் கிடாரி,
பதினோரு செம்மறி.
வருசத்தில் ஏழு மாசம்
தவிடு, புண்ணாக்கு என்று ஒரு பைசா நான் கொடுத்ததில்லை.
மீதி அஞ்சு மாசத்துக்குக் கடைக்காரர் பழனியப்பனிடம் கடன்.
அவர் நோட்டில் என் பேர் இருக்கிறது,
அங்கேயாவது நான் தரிசு இல்லை.

போன திங்கட்கிழமை
கேட்கிறவர்கள் பார்க்கட்டுமென்று
ஒரு மஞ்சப்பையில் விதை கொண்டுவந்தேன்.
மேசைமேல் அவிழ்த்ததுதான் தப்பு.
மேலே காத்தாடி.
பட்டா மாறுதல் கட்டு, சாதிச் சான்று கட்டு,
எழுத்தர் அம்மாவின் மல்லிகைப்பூ,
எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொண்டது.
ஒருத்தர் திட்டினார், ஒருத்தர் தும்மினார்.
நான் முட்டி போட்டுப் பொறுக்கினேன்,
பாதிதான் கிடைத்தது.
மீதி உங்கள் பீரோவுக்குப் பின்னால்
மனசு வைக்கக் காத்திருக்கும்.

கோபுரத்தின் நாலு காலுக்கு நடுவே
நேற்று கிடாரி படுத்திருந்தது.
மேலே கம்பி இரைகிறது, அதற்கென்ன.
காங்கிரீட் ஓரம் இன்னும் மொட்டை.
உருண்டை பிடிக்க விதை பத்தாது.

ஆகவே அய்யா அவர்கள்
பயிர் என்ற கட்டத்தில்
என்ன எழுத மனசு வருகிறதோ எழுதவும்.
தரிசு என்று மட்டும் வேண்டாம்.

இணைப்பு: அடங்கல் நகல் ஒன்று.
விதை, ஒரு கைப்பிடி, தாளில் மடித்தது.
காத்தாடியை நிறுத்திவிட்டுப் பிரிக்கவும்.